அணையாத திரை

அந்த டயர் மேலேயே உட்காருங்கள், பரவாயில்லை. நாற்காலி எல்லாம் கீழே உங்கள் வீட்டாருக்குப் போய்விட்டது. வெள்ளைச் சட்டையில் கறை படுமோ என்று பார்க்காதீர்கள். நீங்கள் வருகிறீர்கள் என்று அப்பா இந்தப் பழைய டயர்களை எல்லாம் நேற்று சோப்புப் போட்டுக் கழுவினார். பஞ்சர் கடைக்காரர் வீட்டு மொட்டை மாடியில் வேறு என்ன இருக்கும்.

பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். "பொண்ணும் பையனும் மேல போய் ரெண்டு வார்த்த பேசட்டுமுங்க, காலம் மாறிப்போச்சு" என்று உங்கள் பெரியப்பா சொன்னதும் எங்கள் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார், கவனித்தீர்களா? எதையாவது உளறி வைக்காதே என்று அர்த்தம். எனக்கு உளறத் தெரியாது. ஒரு வாக்கியத்தை வெளியே விடுவதற்கு முன் உள்ளே பலமுறை சொல்லிப் பார்க்கிற ஆள் நான். இதையும் நேற்றிலிருந்து சொல்லிப் பார்த்து வைத்திருக்கிறேன். அதனால் நடுவில் ஒன்றும் கேட்காதீர்கள். கேட்டால் கோர்வை போய்விடும்.

சமைக்கத் தெரியும். பாடத் தெரியாது. வழக்கமாகக் கேட்கிற கேள்விகள் அவ்வளவுதான் என்று என் அறைத்தோழி சொன்னாள். அது முடிந்தது. இப்போது இந்தப் போனைப் பாருங்கள்.

என் போன் இல்லை. அப்பாவுடையது. வெயிலில் தெரியாது, இப்படித் தண்ணீர் டேங்க் நிழலுக்கு வாருங்கள். வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறக்கிறேன். தெரிகிறதா? மேலே மங்கலாக ஒரு பட்டை. கீழே ஒரு பட்டை. நடுவில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒரு தலை. தலைக்கு மேல் தட்டையாக ஏதோ பலகை வைத்த மாதிரி. அது பலகை இல்லை, பட்டமளிப்பு விழாத் தொப்பி. அந்தத் தலை நான்தான்.

அழுக்கு இல்லை. துடைத்தால் போகாது. போனை அணைத்துத் திரும்பப் போட்டாலும் போகாது. எந்தப் படத்தைத் திறந்தாலும் அதற்கு மேலே லேசாக நான் இருப்பேன். அம்மா இதில் கந்த சஷ்டி பார்த்தால் முருகன் நெஞ்சில் என் தொப்பி தெரிகிறது. ஒரே படம் ஒரே இடத்தில் பகலெல்லாம், மாதக்கணக்கில் எரிந்துகொண்டே இருந்தால் திரையில் அது பதிந்துவிடுமாம்.

பகலெல்லாம். மாதக்கணக்கில். இந்த இரண்டு வார்த்தையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

போனை வாங்கிக் கொடுத்தது நான். வேலைக்குக் கிளம்பும் முன்பே, டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் வாங்கினேன். நல்ல திரையாக இருக்கட்டும், அப்பாவுக்குக் கண் சரியில்லை என்று பார்த்துப் பார்த்து வாங்கினேன். அவர் கடையைப் பார்த்திருப்பீர்கள், பைபாஸ் ஓரத்தில், மேலே ஒரு தகரம், மூன்று பக்கமும் வெயில். கையில் எந்நேரமும் பஞ்சர் சொல்யூஷனும் டியூப் கறுப்பும். போனைக் கம்ப்ரஸர் பக்கத்தில் சாய்த்து வைத்திருப்பார். "என்ன அம்மிணி, பாக்கறதுக்குள்ள இது தூங்கிப்போவுது. எழுப்பறதுக்குக் கை கழுவ வேண்டியிருக்குது" என்றார். அதனால் திரை அணையவே அணையாதபடி வைத்துக் கொடுத்தேன். வெயிலில் தெரிய வேண்டும் என்று வெளிச்சத்தையும் முழுசாக ஏற்றி வைத்தேன். இரண்டையும் நான்தான் வைத்தேன். பிரியமாகத்தான் வைத்தேன்.

இன்னொன்றும் செய்தேன். கோயமுத்தூருக்கு வேலைக்குக் கிளம்பிய நாளில் அப்பா கூட வர முடியவில்லை. ஒரு லாரி நாலு சக்கரத்தையும் கழற்றிப் போட்டுவிட்டு நின்றது. தாராபுரத்தைத் தாண்டி நான் தனியாகப் போனதே இல்லை. மேப்பைத் திறந்து, நான் எங்கே போகிறேன் என்று அப்பாவின் போனில் தெரிகிற மாதிரி செய்தேன். "இந்த வட்டத்தப் பாருங்கப்பா, உள்ள என் தொப்பிப் படம், இது நான். நான் நகர்ந்தா இதுவும் நகரும்." அவர் என்ன சொன்னார் தெரியுமா? "பஸ்ஸு பஞ்சரானா இதுல தெரியுமா?" என்று கேட்டார்.

ஒரு மணி நேரம் மட்டும் காட்டவா, நானாக நிறுத்தும் வரை காட்டவா என்று போன் கேட்டது. பேருந்து தாமதமானால் அப்பா பயப்படுவாரே என்று, நானாக நிறுத்தும் வரை என்று கொடுத்தேன். விடுதியில் போய்ப் பெட்டியை வைத்தேன். மறந்துவிட்டேன். எப்போதாவது நினைவூட்டி மின்னஞ்சல் வருமாம். வந்திருக்கிறது. எதையும் முழுதாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன், பேருந்து டிக்கெட்டின் பின்பக்கத்தைக்கூடப் படிப்பேன். இதை மட்டும் படிக்கவில்லை.

சரி. அடுத்தது உங்களுக்குச் சொல்ல வேண்டியது. எனக்கு வேலை இல்லை.

ஆடி மாதத்திலிருந்து இல்லை. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் காப்பீட்டுக் கணக்கைச் சரிபார்க்கிற வேலை. அந்த ஒப்பந்தம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. எங்கள் குழு மொத்தத்தையும் ஒரு மத்தியானம் கூப்பிட்டு, ஷர்மிளா மேடம் மின்னஞ்சலை அழுதுகொண்டே படித்தார். அவருடைய பெயரும் அதில் இருந்தது.

நீங்கள் முகத்தில் ஒன்றுமே காட்டவில்லை. நல்ல குணம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை என்று சொன்னார்கள். ஓட்டை இருந்தாலும் முகம் சுளிக்காமல் ஓரமாக எடுத்து வைப்பீர்கள் போல.

இருங்கள், இருங்கள். சொல்லவருவதை அப்புறம் சொல்லுங்கள். நான் முடித்துவிடுகிறேன்.

அப்பாவிடம் சொல்லவில்லை. ஏன் என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போனவள் நான் ஒருத்திதான். அந்தத் தொப்பிப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கடையில் கம்ப்ரஸருக்கு மேலே மாட்டியிருக்கிறார். காற்றடிக்க வருகிற ஒவ்வொருவரும் சக்கரத்தில் காற்று ஏறி முடியும்வரை என்னைப் பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். "எம் புள்ளைங்க. கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் வேலைங்க." அந்தப் படத்தைக் கழற்றுங்கள் என்று நான் எந்த வாயால் சொல்வது?

ஆனால் நான் பொய் சொல்லவில்லை. இதை நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். அப்பா தினமும் சாயங்காலம் கூப்பிடுவார். "ஆபீஸ் எப்பிடி அம்மிணி?" என்பார். "அப்படியேதான் இருக்குப்பா" என்பேன். அது உண்மைதானே. ஆபீஸ் அப்படியேதான் இருந்தது. "ஷர்மிளா மேடம் நல்லாருக்காங்களா?" "நல்லாருக்காங்கப்பா." இருந்தார். அவருக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டது. "இன்னிக்கு என்ன வேலை?" "நெறையப் படிக்க வேண்டியிருந்ததுப்பா." படித்தேன். குரூப் நாலு தேர்வுக்குப் படித்தேன். இதில் எந்த வார்த்தை பொய், நீங்களே சொல்லுங்கள். வேண்டாம், இப்போது சொல்ல வேண்டாம்.

காலையில் எட்டரைக்கு விடுதியை விட்டுக் கிளம்பிவிடுவேன். வேலை இல்லாத பெண் என்று தெரிந்தால் வார்டன் வீட்டுக்குப் போன் போட்டுவிடுவார். ஆர்.எஸ்.புரம் பக்கம் ஒரு நூலகம் இருக்கிறது. உள்ளே இடம் கிடைக்காது. வெளியே வேப்பமரத்தடியில் என்னை மாதிரி ஐம்பது பேர் படித்துக்கொண்டிருப்பார்கள். கழுத்தில் பழைய ஆபீஸ் அட்டையை மாட்டிக்கொண்டு போய்ப் பேருந்து நிறுத்தத்தில் கழற்றிப் பைக்குள் வைப்பேன். சாயங்காலம் மறுபடி மாட்டிக்கொண்டு விடுதிக்குத் திரும்புவேன். ஆடி, ஆவணி, புரட்டாசி என்று போய்க்கொண்டே இருந்தது.

ஐப்பசியில் மழை. ஒரு நாள் மத்தியானம் கொட்டு கொட்டென்று கொட்டியது. மரத்தடியில் இருந்தவர்கள் எல்லாம் ஓடிப்போய்ப் பேருந்து நிழற்குடையில் ஒண்டினோம். புத்தகத்தை வயிற்றோடு வைத்துக் குனிந்து நிற்கிறேன், அப்பா கூப்பிடுகிறார். கடை நேரத்தில் அவர் கூப்பிடுகிற வழக்கமே இல்லை. வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று பதறி எடுத்தேன். "ஒண்ணுமில்ல அம்மிணி, சும்மாதான். அங்க மழையா?" என்றார். "மீட்டிங்ல இருக்கேன்ப்பா" என்று மெதுவாகச் சொன்னேன்.

சரி, அது ஒன்று பொய். ஒன்றுதான்.

நான் அதைச் சொல்லி வாயை மூடவில்லை, பின்னால் ஒரு டவுன் பஸ் ஆரன் அடித்தது. சாதாரண ஆரன் இல்லை, பாட்டுப் பாடுகிற ஆரன். கண்டக்டர் வேறு "காந்திபுரம், காந்திபுரம்" என்று என் காதுக்குள் கத்துகிறார். அப்பா, "சரி சரி, மீட்டிங்கப் பாரு. தல நனையாமப் பாத்துக்க" என்று வைத்துவிட்டார்.

தலை நனையாமல் என்றார். மீட்டிங்கில் தலை எப்படி நனையும்? எனக்கு அன்று அது உறைக்கவில்லை. வயதாகிறது, வாய் தவறிச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் தாராபுரம் பஸ்ஸில் ஒரு பார்சல் கொடுத்து அனுப்பியிருந்தார். டிரைவரைத் தேடிப்போய் வாங்கினேன். ஒரு மடக்குக் குடை. கூடவே லாரி சீட்டின் பஞ்சை வெட்டி, ரெக்சின் தைத்து, உட்காருவதற்கு ஒரு மெத்தை. அவரே தைத்திருந்தார், தையல் பார்த்தால் தெரியும், டயருக்குப் போடுகிற தையல். சாயங்காலம் கேட்டேன், "எதுக்குப்பா இது, ஆபீஸ்ல சுத்துற சேரு இருக்குது" என்று. "இருக்கட்டும் அம்மிணி. எங்க எங்கயோ உக்கார வேண்டியிருக்கும். கல்லுல உக்காந்தா சூடு புடிச்சிக்கும்" என்றார்.

கல்லில். இப்போது உங்களுக்குப் புரிகிறதல்லவா? எனக்குப் புரியவில்லை. அந்த மெத்தையைத் தினமும் நூலகத்துக்கு எடுத்துக்கொண்டு போய் மரத்தடிக் கல்லில் போட்டு உட்கார்ந்தேன். பாவம் அப்பா, ஒன்றும் தெரியாமல் அனுப்பியிருக்கிறார், எனக்குத்தான் தோதாக அமைந்துவிட்டது என்று நினைத்து ஒரு நாள் அழக்கூட அழுதேன்.

பொங்கலுக்கு வந்தேன். அம்மா இந்தப் போனை என் கையில் கொடுத்தார். "இதென்னமோ பேய் புடிச்ச மாதிரி நெழலடிக்குது. கோயமுத்தூர்ல காட்டிச் சரி பண்ணிட்டு வா." அப்பா கொடுக்க மாட்டேன் என்றார். "அதெல்லாம் நல்லாத்தான் இருக்குது. போன் பேசறதுக்கு நெழல் இருந்தா என்ன, வெயில் இருந்தா என்ன" என்று பிடுங்கி வைத்துக்கொண்டார். நான் கிளம்புகிற அன்று அம்மாதான் அவருக்குத் தெரியாமல் என் பையில் துணிகளுக்கு நடுவில் வைத்துவிட்டார். பேருந்து ஏறின பிறகுதான் பார்த்தேன்.

கடைக்குக் கொண்டுபோவதற்கு முன் நானே சரிசெய்யப் பார்த்தேன். இணையத்தில் தேடினேன். இப்படித் தழும்பு விழுந்தால் என்னென்ன செய்யலாம் என்று எழுதியிருந்த எல்லாவற்றையும் செய்தேன். வெளிச்சத்தைக் குறைத்தேன். நிறத்தைத் தலைகீழாக்கினேன். சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி மின்னுகிற வீடியோ ஒன்று இருக்கிறது, அதை மணிக்கணக்கில் ஓடவிடச் சொன்னார்கள். ஓடவிட்டேன். என் அறைத்தோழி, "ஏன்டி, கோயில் திருவிழா மாதிரி இருக்கு, கூழ் எப்ப ஊத்துவீங்க" என்று கிண்டல் செய்தாள். ஒன்றும் போகவில்லை. கடைசியாக, வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைத்தால் சுற்றியுள்ள இடமும் தேய்ந்து சமமாகிவிடும் என்று ஒருவர் எழுதியிருந்தார். நூலகத்து மரத்தடியில், அந்த மெத்தையில் உட்கார்ந்து, வெள்ளைப் பக்கத்தைத் திறந்து மடியில் வைத்தேன்.

அதுவரை அதைக் கறை என்றுதான் பார்த்தேன். வெள்ளையில் பார்த்தபோது கோடுகள் தெரிந்தன. நீங்களும் பாருங்கள். என் தலைக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன வளையம். அதிலிருந்து மூன்று கோடு பிரிகிறது. ஒன்று இப்படி வளைந்து போகிறது. ஏதோ பூ மாதிரி இருக்கிறதே என்று நினைத்தபடி தலையைத் தூக்கினேன்.

எதிரே ரவுண்டானா. அதிலிருந்து மூன்று சாலை.

ஒன்று வளைந்து போகிறது.

என் பழைய ஆபீஸ் சரவணம்பட்டியில். அங்கே சாலை குச்சி மாதிரி நேராகப் போகும். ரவுண்டானாவே கிடையாது. அங்கே நான் இருந்தது இரண்டு மூன்று மாதம்தான், அது இதில் பதியவில்லை. பதிந்தது இந்த மரத்தடி. அப்பா பகலெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது இந்த மரத்தடியை. நான் ஆபீஸ் அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்த இடத்தை.

நம்ப முடியாமல் பக்கத்துத் தெருவில் ஒரு பழுதுபார்க்கிற கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த ஆள் ஒரு பார்வைதான் பார்த்தார். "இது அழியாதுங்க. டிஸ்ப்ளேயே மாத்தணும். யாரோ மேப்பத் தொறந்து வெச்சிட்டு நாளெல்லாம் ஒரே எடத்தையே பாத்துட்டு இருந்திருக்காங்க. டாக்ஸி ஓட்டறவங்களுதுங்களா?" என்றார். "இல்ல, ஒரே எடத்துல உக்காந்திருக்கறவருதுங்க" என்று சொன்னேன். திரையை மாற்றிவிடவா என்று கேட்டார். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சாட்சியை யாராவது மாற்றுவார்களா?

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். என்னைப் பெற்றவர், ஒரு வார்த்தை கேட்காமல், கம்ப்ரஸர் பக்கத்தில் என்னைச் சாய்த்து வைத்துக்கொண்டு, பஞ்சர் ஒட்டிக்கொண்டே வேவு பார்த்திருக்கிறார். சாயங்காலம் எதுவுமே தெரியாதவர் மாதிரி "ஆபீஸ் எப்பிடி அம்மிணி?" என்று கேட்டிருக்கிறார். நான் ஒவ்வொரு பதிலையும் எடைபோட்டு, பொய்யாகிவிடாமல், உண்மையாகவும் ஆகிவிடாமல், எவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் அவர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். துரோகம் என்று சொன்னால் பெரிய வார்த்தையாக இருக்கிறது. ஆனால் வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. அடுத்தவர் என்ன செய்கிறார் என்று அவருக்குத் தெரியாமல் பார்ப்பது என்னால் முடியவே முடியாத காரியம்.

இணையத்தில் நீங்கள் படம் போடுகிற பக்கத்தைப் பார்த்தேன், அது வேறு. போன வருடம் நீங்கள் ஏற்காடு போனது, உங்கள் தம்பி கல்யாணப் பேச்சு நின்றுபோனது, கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் எல்லாப் படத்திலும் உங்கள் தோளில் கை போட்டிருப்பது, எல்லாம் பார்த்தேன். அது விசாரிப்பது. பெண் வீட்டில் விசாரிக்கத்தானே செய்வார்கள்.

இனிமேல்தான் உங்களுக்குச் சம்பந்தப்பட்டது வருகிறது.

போன வாரம் வந்ததிலிருந்து அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. டிஸ்ப்ளே ஸ்டாக் இல்லையாம் என்று மட்டும் சொன்னேன். பட்டன் போனை வைத்துக்கொண்டு திரிந்தார், கை ஒடிந்த மாதிரி. அந்தப் பட்டன் போனில்தான் கல்யாணத் தரகரோடு பேசினார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். உங்கள் வீட்டைப் பற்றித்தான். "ஆமாங்க, புள்ள கோயமுத்தூர்லதானுங்க இருக்குது. காலைல போனாப் பொழுது சாயத்தான் வருமுங்க. நல்லா ஒழைக்குதுங்க. அதுக்கெல்லாம் ஒரு கொறையுமில்லைங்க."

கவனித்தீர்களா? இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கோயமுத்தூரில்தான் இருக்கிறேன். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவேன். ஆனால் மொத்தமாகப் பார்த்தால் அத்தனையும் பொய். இப்படிப் பேசுவதற்கு இந்த மனிதர் எங்கே கற்றுக்கொண்டார் என்றே எனக்குப் புரியவில்லை.

வேலைக்குப் போகிற பெண் வேண்டும் என்று நீங்கள் கேட்டீர்கள் என்று தரகர் சொன்னார். எனக்கு வேலை இல்லை என்று தெரிந்தே அப்பா உங்களை இவ்வளவு தூரம் வரவைத்து, ஒப்பிட்டுப் போளியும் காராச்சேவும் கொடுத்து, டயரைக் கழுவி உட்காரவைத்திருக்கிறார். பஞ்சரான டியூபைப் புது டியூப் என்று விற்கிறவர் இல்லை அவர். கடையில் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. வீட்டில் செய்கிறார். தாலி ஏறின பிறகு உங்களுக்குத் தெரிந்தால் நீங்கள் யாரைக் கேட்பீர்கள்? என்னைத்தான். பொய்யின் மேல் உட்கார்ந்து கல்யாணம் செய்துகொள்ள என்னால் முடியாது. அதனால்தான் சொல்கிறேன். நீங்கள் கீழே போய், பெண்ணைப் பிடிக்கவில்லை என்று சொன்னாலும் சரி. காரணத்தைச் சொன்னாலும் சரி. அப்பா முகத்துக்கு நேராகச் சொன்னால் இன்னும் நல்லது.

முடிந்தது. இப்போது சொல்லுங்கள். ஆரம்பத்திலிருந்தே ஏதோ சொல்ல வாயெடுத்துக்கொண்டே இருந்தீர்கள்.

என்ன?

அப்பா உங்கள் வீட்டுக்கு வந்தாரா? எப்போது?

மார்கழியில். திருப்பூருக்கா? அவருடைய டிவிஎஸ் வண்டியிலா வந்தார்? மார்கழிப் பனியில் அந்த வண்டியிலா?

நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள். அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்கள். ஒரு வார்த்தை மாற்றாமல்.

"புள்ளைக்கு இப்ப வேலை இல்லீங்க. கவர்மெண்டுப் பரிச்சைக்கு மரத்தடியில உக்காந்து படிச்சிட்டு இருக்குதுன்னு அங்க போன டிரைவரு ஒருத்தரு பாத்துட்டு வந்து சொன்னாருங்க. எங்களுக்குத் தெரியும்னு அதுக்குத் தெரியாதுங்க. வேலைதான் வேணும்னா இப்பவே சொல்லிடுங்க, நான் இப்படியே எந்திரிச்சுப் போயிர்றேன். புள்ளை புடிச்சிருந்தா வந்து பாருங்க. ஆனா அதுவா வாய் தொறந்து சொல்ற வரைக்கும் நீங்களாக் கேட்டுப்போடாதீங்க. சங்கடப்படும்."

இதுதானா? இவ்வளவுதானா?

எங்களுக்கு என்றாரா, எனக்கு என்றாரா? எங்களுக்கு. அம்மாவும் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தாரா? சரி. அம்மாதானே போனை என் பையில் வைத்தது, நானே பார்த்துக்கொள்ளட்டும் என்று.

அப்படியென்றால் உங்களுக்குத் தெரியும். உங்கள் பெரியப்பாவுக்குத் தெரியும். உங்கள் அம்மா என் கன்னத்தைத் தொட்டு, "நல்லாப் படிக்கிற களை இருக்குது" என்று சொன்னார், அவருக்கும் தெரியும். கீழே உட்கார்ந்து ஒப்பிட்டு சாப்பிடுகிற அத்தனை பேருக்கும் தெரியும். தெரியாதது எனக்கு மட்டும்தான். ஆடியிலிருந்து நான் ஒருத்தி மட்டும், பார்க்க ஆள் இல்லை என்று நினைத்து, கழுத்தில் அட்டையை மாட்டிக் கழற்றி மாட்டிக் கழற்றி. டவுன் பஸ் ஆரனுக்கு நடுவில் மீட்டிங்.

நீங்கள் சிரிக்கவில்லை, தெரிகிறது. சிரித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

நீங்களும் தெரிந்துகொண்டேதானே வந்து உட்கார்ந்தீர்கள்? என்னை முழுக்கதையும் சொல்லவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நான்தான் குறுக்கே பேசாதீர்கள் என்றேன், உண்மை. ஆனாலும் நீங்கள் பேசியிருக்கலாம். எங்கள் அப்பாவும் இப்படித்தான். கேட்டிருக்கலாம். என்றைக்காவது ஒரு சாயங்காலம், "அம்மிணி, அந்த மரத்தடியில கொசு கடிக்குதா?" என்று கேட்டிருந்தால் நான் அந்த இடத்திலேயே சொல்லியிருப்பேன். குடை அனுப்பத் தெரிந்தவருக்கு அதைக் கேட்கத் தெரியவில்லை. எனக்காகத்தான் கேட்கவில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். எல்லாரும் சொல்வார்கள். அதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. இதில் நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

இல்லை, அழவில்லை. இந்த வெள்ளைத் திரையைப் பார்த்தால் கண் கூசுகிறது.

கீழே கூப்பிடுகிறார்கள். பத்து நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது. நீங்கள் போங்கள். பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டால் உங்கள் இஷ்டம்போல் சொல்லுங்கள். எனக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டால், இன்றைக்கு அதற்குப் பதில் இல்லை என்று சொல்லுங்கள். பொய் சொல்லக்கூடாது பாருங்கள். நான் முதலில் ஒருவரோடு பேசி முடிக்க வேண்டியிருக்கிறது.

அந்த வட்டத்தை நிறுத்திவிட்டேனா என்றா கேட்கிறீர்கள்? இல்லை. என் போனில் அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நிறுத்தத்தான் நினைத்தேன். பொத்தான் வரைக்கும் விரல் போனது. ஏன் நிறுத்தவில்லை என்று மட்டும் கேட்காதீர்கள்.

பார்த்து இறங்குங்கள், மூன்றாவது படி உடைந்திருக்கும். சட்டையின் பின்பக்கம் ஒன்றும் ஒட்டவில்லை. நல்லாத்தான் கழுவியிருக்கிறார்.

கொஞ்சம் அப்பாவை வரச் சொல்கிறீர்களா? நான் மாடியில் டேங்குக்குப் பின்னால் நிற்கிறேன் என்று... வேண்டாம், இடத்தைச் சொல்ல வேண்டாம். நான் எங்கே இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.